90 வீதக் கழிவும் நம் ஒலிப்பதிவுக் கூடங்களும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் கழிந்தால் போதும், பாட்டு மிக்ஸ் பண்ணுகிற எவருடைய கைபேசியைத் திறந்தாலும் "பிளகின்களுக்கு 90 வீதம் கழிவு, இன்னும் 6 மணித்தியாலம்தான்" என்று ஒரு விளம்பரம் வந்து நிற்கும். மாமாங்கத் திருவிழாவுக்கும் திருக்கோவில் ஆடி அமாவாசைக்கும் பக்திப் பாடல், கல்யாண வீட்டுக்கு ஒரு பாட்டு, குறும்படத்துக்குப் பின்னணி இசை என்று மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை வீட்டு அறைகளில் இயங்கும் சின்னக் கூடங்களில் பேச்செல்லாம் பிளகின் பற்றியதுதான். "கொழும்பிலயும் சென்னையிலயும் இருக்கிற பிளகின் நம்மட்ட இல்ல, அதுதான் சவுண்ட் வருதில்ல" என்பது வழக்கமான முறைப்பாடு. அதில் பெரும்பகுதி பிழை. மிச்சத்துக்கு வழி இருக்கிறது, அந்த 6 மணித்தியால விளம்பரத்தில் அல்ல. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் என்ற முறையில், காசு செலவழிக்கப் போகும் இளைஞருக்காகச் சிலவற்றை எழுதுகிறோம்.

பழக்கமில்லாத வாசகருக்கு ஒரு வரி: பாட்டைப் பதியும் மென்பொருளுக்குள் செருகி ஓடும் சிறு மென்பொருள்தான் பிளகின். குரலைத் துலக்குவது, எதிரொலி சேர்ப்பது, வயலினோ வீணையோ விசைப்பலகையில் ஒலிப்பது எல்லாம் அதன் வேலை.

முதலில் அந்தக் கழிவுக் கணக்கு. கோடு போட்டு வெட்டிய விலை ஒன்று மேலே இருக்கும், விற்கும் விலை கீழே இருக்கும். வெட்டிய விலையைப் பார்க்கவே வேண்டாம். வேவ்ஸ் கம்பனியின் பல பிளகின்களுக்கு 100 டொலருக்கு மேல் ஒரு பட்டியல் விலை காட்டப்படும்; ஆனால் வருடத்தின் பெரும்பகுதி நாட்களில் அவை 30, 40 டொலருக்கே கிடைக்கும். அதுதான் அதன் சந்தை விலை, கழிவு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. மாறாக வல்ஹல்லா கம்பனி எதிரொலி சேர்க்கும் தன் ரிவேர்ப் பிளகின்களுக்கு 50 டொலர் என்று ஒரே விலை வைத்திருக்கிறது. சித்திரைக்கும் இல்லை, மார்கழிக்கும் இல்லை, கழிவே இல்லை. அதை வாங்க நவம்பர் வரை காத்திருந்தால் காத்திருந்ததுதான் மிச்சம். ஃபேப்ஃபில்டர் வருட இறுதியில் கால் பங்கு அளவில்தான் குறைக்கும். அதற்கு அது நல்ல விலை. மெல்டா ப்ரொடக்‌ஷன் வாரத்துக்குச் சில பிளகின்களை மாற்றி மாற்றிப் பாதி விலைக்கு விடும். உங்களுக்கு வேண்டியது முறை வரும்வரை பார்த்திருக்கலாம். ஆகவே எத்தனை வீதம் கழிவு என்று கேட்காதீர்கள். கடந்த ஒரு வருடத்தில் இது ஆகக் குறைந்து என்ன விலைக்குப் போனது என்று கேளுங்கள்.

அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பிளகினின் விற்பனைப் பக்க முகவரியைப் போட்டு, சென்ற நவம்பர், டிசம்பர், ஜூன், ஜூலைத் திகதிகளைத் திறந்து பாருங்கள். நான்கு திகதி பார்த்தால் விலையின் போக்கு விளங்கிவிடும். ஒரே பிளகினைக் கம்பனியின் தளத்திலும் பிளகின் பூட்டிக் போன்ற கடைகளிலும் ஒப்பிடுங்கள். விலை ஒன்றாக இருந்தாலும் கடைக்காரர் வாங்கும் எவருக்கும் அந்த மாதத்து இலவசப் பிளகின் ஒன்றைச் சேர்த்துத் தருவார். அந்த இலவசம் சில வேளை ஐசோடோப் கம்பனியின் ஒரு சின்னப் பதிப்பாக இருக்கும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். சின்னப் பதிப்பு கணக்கில் இருந்தால் பெரிய பதிப்பை முழு விலைக்கு வாங்க வேண்டியதில்லை, தரமுயர்த்தும் விலைக்கு வாங்கலாம்.

பருவம் பார்க்கவும் தெரிய வேண்டும். நவம்பர் நான்காம் வியாழனுக்கு மறுநாள் பிளாக் ஃப்ரைடே என்றாலும் கழிவு நவம்பர் முதல் வாரமே தொடங்கி டிசம்பர் வரை நீளும். ஆகவே மணிக்கூடு ஓடுகிறதே என்று பதறத் தேவையில்லை. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கொம்ப்ளீட் தொகுப்பு போன்றவற்றுக்கு ஜூன், ஜூலைக் கோடைக் கழிவும் உண்டு. புதிதாக வெளியாகும் பிளகினின் அறிமுக விலை கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த நவம்பரில் அதே விலைக்கோ அதற்கும் கீழோ அது திரும்பி வருவதுதான் வழக்கம்.

மொத்தத் தொகை ஒரே தடவையில் முடியாதவருக்குத் தவணை முறை இருக்கிறது. மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் சீரம் சிந்தசைசரை ஸ்பிளைஸ் தளத்தில் மாதம் 9.99 டொலர் கட்டி, வட்டியில்லாமல் சொந்தமாக்கலாம். கஷ்டமான மாதத்தில் நிறுத்திப் பிறகு தொடரலாம். இதையும் மாதச் சந்தாவையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. சந்தாவில் கட்டுவதை நிறுத்திய நாளிலேயே பழைய பாட்டுகளில் இருந்த பிளகின்கள் வாய்மூடிவிடும். அடுத்த வருடம் பாடகர் வந்து "அந்தப் பாட்டுல ஒரு வரி மட்டும் மாத்தித் தாங்க" என்று கேட்டால் கை பிசைய வேண்டும். 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிரந்தர உரிமத்தை எடுத்துவிட்டுச் சந்தா மட்டும் என்று அறிவித்தது. எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே நிரந்தர உரிமத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டி வந்தது. உலகம் முழுக்க இந்த வேலை செய்பவர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்பது அந்த ஒரு வரி மாற்றம் கேட்டு வரும்போது விளங்கும்.

வாங்கும் முன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாட்டைப் பதியும் மென்பொருளான ரீப்பரைப் பாவிப்பவருக்கு அதனுள்ளேயே ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ஈகியூ, சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கொம்பிரசர், மல்டிபேண்ட் கொம்பிரசர், ஒலியைத் தாமதித்துத் திரும்பக் கேட்கச் செய்யும் டிலே, சுருதி திருத்தும் கருவி எல்லாம் இருக்கின்றன. ரீப்பரின் விலை தனியாளுக்கும் சிறு தொழிலுக்கும் 60 டொலர். 60 நாள் பரீட்சித்துப் பார்க்கலாம். அதைப் போன்ற இன்னொரு மென்பொருளான எஃப்.எல். ஸ்டூடியோவை வாங்கினால் பிறகு வரும் பதிப்புகள் ஆயுள் முழுக்க இலவசம், அதனால் அதற்குச் செலவழித்த காசு வீணாகாது. ஆனால் ஆக மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் குரல் பதிய முடியாது. விலையை மட்டும் பார்த்து அதை வாங்கிவிட்டு, மைக்கைச் செருகியபின் தலையில் கைவைப்பவர்கள் உண்டு. குரல் வேண்டுமென்றால் ப்ரொடியூசர் பதிப்புக்குக் கீழே போகாதீர்கள். புதிதாக ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போன்ற, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் வாங்கியவருக்கு ஏபில்டன் லைவ் லைட் உட்பட ஒரு மென்பொருள் பொதி சேர்ந்து வரும். தொடரிலக்கத்தைப் பதிந்தால்தான் கிடைக்கும். பழையது வாங்கினால் முதல் சொந்தக்காரர் அதை எடுத்து முடித்திருப்பார். அதனால் புதியதற்கும் பழையதற்கும் சில ஆயிரம் ரூபாதான் வித்தியாசமென்றால் புதியதே இலாபம்.

இலவசமானவற்றில் தரமானவையாக நாங்கள் நம்பிப் பாவிப்பவை: சிந்தசைசருக்கு வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி. பெரிய வெளியில் ஒலிப்பது போன்ற எதிரொலிக்கு வல்ஹல்லா சூப்பர்மாசிவ். அலைவரிசையைக் கண்ணால் பார்க்க வோக்செங்கோ ஸ்பான். சத்த அளவுக்கு யூலீன் லவுட்னஸ் மீட்டர். ஸ்பொட்டிஃபை, யூடியூப் இரண்டும் லஃப்ஸ் என்ற சத்த அலகில் மைனஸ் 14ஐ ஒட்டிச் சத்தத்தைச் சமப்படுத்துவதால், உச்சத்தை அடக்கிச் சத்தத்தைக் கூட்டும் லிமிட்டருக்குக் காசு கொடுத்துப் பாட்டை நசுக்கி வைத்தாலும் அங்கே போனதும் அது தணிக்கப்படும். இந்த மீட்டர் இருந்தாலே அந்தச் செலவு மிச்சம்.

இன்னொன்று டிடிஆர் நோவா என்ற இலவச ஈகியூ. நம் பாடல்களில் அடிக்கடி காதைக் குத்துவது ச, ஸ, ஷ ஒலிகள்தான். அவற்றைத் தணிக்கவென்று டி-எஸ்ஸர் எனும் தனிப் பிளகின் வாங்க ஓடுகிறார்கள். நோவாவைக் குரல் தடத்தில் போட்டு, ஒரு அலைவரிசைப் பட்டையை 6,000 முதல் 8,000 ஹேர்ட்ஸுக்குள் வைத்து, எந்தச் சத்தத்தைத் தாண்டினால் இறக்க வேண்டும் என்ற எல்லையான திறெஷோல்டை இயக்கி, பாடகர் "சரவண" என்னும்போது 3 முதல் 5 டெசிபல் வரை இறங்கும்படி மெல்லக் குறையுங்கள். மற்ற எழுத்துகளில் அந்தப் பட்டை அசையவே கூடாது. அசைந்தால் திறெஷோல்ட் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது, அல்லது பட்டை அகலமாகிவிட்டது. குரலில் கொன்னை விழுந்தது போலக் கேட்டால் அதற்கும் காரணம் இதுதான்.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்றால், கணினி அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். அலுவலகங்களில் கழித்துவிட்ட பழைய கணினிகளைத் திருத்தி விற்பவற்றில்தான் நம் பக்கத்துக் கூடங்கள் பல ஓடுகின்றன. கோர் டூ டுவோ காலத்து இயந்திரத்தில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி இல்லை. அது கட்டாயம் என்று எழுதியுள்ள பிளகின் அதில் திறக்கவே திறக்காது. 2011க்குப் பின் வந்த ஐ5, ஐ7 என்றால் அந்தப் பயமில்லை. விண்டோஸ் 7இல் இருப்பவர்கள் புதிதாக எதையும் வாங்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். ப்ரோ டூல்ஸ் என்ற பதிவு மென்பொருளைப் பாவிப்பவர், பிளகினில் ஏஏஎக்ஸ் வடிவம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விஎஸ்டி என்ற மற்ற வடிவம் மட்டும் உள்ள பிளகின் அதில் ஓடாது. 32 பிட் மட்டும் உள்ள பழைய பிளகின்களுக்கு எவ்வளவு மலிவானாலும் காசு கொடுக்காதீர்கள்.

ஆகப் பெரிய ஏமாற்றம், வாத்திய ஒலித் தொகுப்புகளை ஓட்டும் கொன்டாக்ட் என்ற மென்பொருளில்தான். தபேலா, புல்லாங்குழல், தந்தி வாத்தியங்கள் என்று 20 டொலருக்கு விற்கும் ஒலித் தொகுப்புகளில் பல "முழுக் கொன்டாக்ட் தேவை" என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். இலவசமான கொன்டாக்ட் பிளேயரில் அவற்றைத் திறந்தால் 15 நிமிடத்தில் ஒலி நின்றுவிடும். முழுக் கொன்டாக்டின் விலை அந்தத் தொகுப்பைப் போலப் பல மடங்கு. பிளேயரிலேயே ஓடும் என்று தெளிவாக எழுதியவற்றை மட்டும் வாங்குங்கள். பருமனையும் பாருங்கள். 40 கிகாபைட் தொகுப்பு என்றால் தரவிறக்கவும் விரிக்கவும் சேர்த்து ஏறக்குறைய இரட்டிப்பு இடம் வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாவிலும் பல நாள் எடுக்கும். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் தரவிறக்கி அந்தக் கம்பனியிடம் இருக்கிறதா என்று வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

நம் வாத்தியங்களைக் கடையில் தேடுவதும் வீண் அலைச்சல். கூத்து மத்தளத்தின் அடியும் கண்ணகி அம்மன் சடங்கின் உடுக்கும் றபானின் அதிர்வும் வேண்டுமென்றால் வாசிப்பவர் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார். மின்விசிறியை நிறுத்தி, சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து, மத்தளத்தின் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒன்றரை அடி தள்ளி மைக்கை வையுங்கள். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதியுங்கள். ஒவ்வொரு தாளச் சொல்லையும் மெல்ல, நடுத்தரமாக, உரத்து என மூன்று நிலையில், நிலைக்கு நான்கு தடவை வாசிக்கச் சொல்லி, ஒலி முழுதும் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடிக்குப் போங்கள். பிறகு ஸ்ஃபோர்ஸாண்டோ என்ற இலவச பிளேயரில் போடலாம். எந்த ஒலி எந்த விசையில், விசையை அழுத்தும் எந்த வேகத்துக்கு என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதினால் போதும். வேகம் 1 முதல் 50 வரை மெல்லிய அடி, 95 வரை நடுத்தரம், அதற்கு மேல் 127 வரை உரத்த அடி என்று தொடங்கி, காதுக்கு ஏற்ப நகர்த்துங்கள். நான்கு தடவை வாசித்ததை மாறி மாறி வரச் செய்யாவிட்டால் இயந்திரத் துப்பாக்கி போல ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கும். நான்கு பதிவு எடுக்கச் சொல்வது அதற்குத்தான். வாசித்தவருக்குக் காசும் பெயரும் கொடுக்க மறக்க வேண்டாம். 20 டொலர் தபேலாத் தொகுப்பை விட அந்தக் காசுக்கு இரட்டிப்புப் பலன்.

கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்து இசை மாணவருக்கும் இதோடு தொட்டு ஒன்று. காரைதீவில் பிறந்த அடிகள் யாழ் ஆராய்ச்சியில் கணக்கிட்ட சுருதிகளைக் காதால் கேட்டுப் பார்க்கக் காசு எதுவும் வேண்டாம். வைட்டலும் சர்ஜ் எக்ஸ்டியும் ஸ்காலா எனப்படும் சுருதிக் கோப்பை ஏற்கும். விகிதங்களை அதில் எழுதி ஏற்றினால் விசைப்பலகை அந்தச் சுருதியில் ஒலிக்கும். மாணவர் என்பதற்கான அத்தாட்சி இருந்தால் ஏபில்டன் 40 வீதம் குறைத்தும் தருகிறது. மாணவர் விலையை நவம்பர்க் கழிவோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் மாணவர் விலைதான் குறைவு.

இனிப் பணம் கட்டும் கதை. டொலர் 300 ரூபா என்று கணக்குப் போட்டால் 29.99 டொலர் ஏறக்குறைய 9,000 ரூபா. கணக்கில் வெட்டப்படும் தொகை அதைவிடக் கூட இருக்கும். வங்கி அட்டைக்கென்று வைத்திருக்கும் நாணய மாற்று வீதம், அதன் மேல் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்கான கட்டணம், வரி எல்லாம் சேரும். எவ்வளவு என்று உங்கள் வங்கிக் கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு வங்கி வித்தியாசம். கட்டும் பக்கம் "ரூபாவில் கட்டலாமே" என்று கேட்டால் மறுத்து டொலரிலேயே கட்டுங்கள், அந்த ரூபா விலைக்குள் அவர்களுடைய மாற்று இலாபமும் சேர்ந்திருக்கும். டெபிட் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொள்வனவு பூட்டியிருக்கலாம், முன்கூட்டியே திறக்கச் சொல்லுங்கள். நாடு இலங்கை என்று சரியாகக் கொடுத்தால் ஐரோப்பிய விற்பனைத் தளங்களின் விலையிலிருந்து அந்நாட்டு வரி கழியும். கடைசிப் பக்கத்தில் என்ன தொகை வருகிறதோ அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

பரீட்சார்த்தப் பதிப்பைப் போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள், ஏனென்றால் உரிமத்தை இயக்கியபின் பெரும்பாலும் காசு திரும்பாது. ஃபேப்ஃபில்டர் 30 நாள் முழுமையாகப் பாவிக்க விடுகிறது. உங்கள் சொந்தப் பாட்டில், உங்கள் பாடகர் குரலில் போட்டுப் பாருங்கள். விளம்பரக் காணொளியில் கேட்பது அவர்கள் தேர்ந்தெடுத்த பாட்டு. போட்டதும் சத்தம் கொஞ்சம் கூடினால் "நல்லா இருக்கு" என்று காது ஏமாறும். போட்டதற்கும் எடுத்ததற்கும் சத்தத்தைச் சமப்படுத்தித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

உரிமம் எங்கே தங்கும் என்பதையும் கேளுங்கள். ஐலொக் என்ற உரிமக் காப்பு முறையைக் கேட்கும் பிளகின்களில் சிலவற்றின் உரிமம் கணினியிலேயே தங்கும், சிலவற்றை யூஎஸ்பி சாவியில் வைக்கலாம், சில முகிலில், அதாவது இணையத்தில், மட்டும். முகில் முறை என்றால் வேலை முடியும்வரை இணையம் அறாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் சிக்னல் போய்வரும் இடங்களில் பாடகரை முன்னால் வைத்துக்கொண்டு அதை நம்பக்கூடாது. கணினியில் தங்கும் உரிமமும் வன்தட்டு பழுதானால் சிக்கல்தான். கணினியை மாற்றும் முன், விண்டோஸைப் புதிதாகப் போடும் முன், உரிமத்தை விலக்கிவிட மறக்காதீர்கள்.

பழைய உரிமம் வாங்குபவர் கம்பனியின் மாற்றுக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐலொக் உரிமம் ஒன்றை இன்னொருவர் கணக்குக்கு மாற்ற 25 டொலர். 30 டொலர்ப் பிளகினுக்கு அது கட்டுமா? விற்பவருக்கு வேறு தொல்லை. இலங்கையிலிருந்து பேபாலில் காசு கட்டலாமே தவிரப் பெற வசதி இல்லாத நிலையில், வெளிநாட்டவருக்கு விற்பது பெரும்பாலும் சரிவராது. ஆகவே "பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம்" என்று நினைத்து வாங்கவே கூடாது. 5 டொலருக்கு "ஆயுள் கணக்கு" என்று முகநூலில் விற்பவர்கள் பலருக்கு ஒரே கடவுச்சொல்லை விற்கிறார்கள். கம்பனி அந்தக் கணக்கை மூடும் நாளில் அந்தக் காசும் போகும், அதில் செய்த பாட்டும் திறக்காது. பென்டிரைவில் கைமாறும் கிராக் பதிப்புகளுக்கும் அதே கதிதான். அதோடு வரும் வைரஸ், பதிவுகள் இருக்கும் வன்தட்டையே பூட்டிவிட்டுக் காசு கேட்கும்.

கணக்குத் திறக்கும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். கூடத்துக்கு என்று பொதுவாக வைத்திருப்பதையோ, வாங்கித் தரும் வெளிநாட்டு மச்சானின் மின்னஞ்சலையோ கொடுத்தால் உரிமமும் அவர்களுடையதாகிவிடும். மச்சான் காசு கட்டுவதாக இருந்தால், உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைந்து, கட்டும் பக்கத்தில் மட்டும் அவருடைய அட்டையைப் பாவியுங்கள். ஆனால் சில தளங்கள் அட்டையின் நாடும் கணக்கின் நாடும் ஒத்திராவிட்டால் மறுக்கும், அப்போது அவரைப் பரிசுச் சீட்டாக வாங்கித் தரச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு, தொடரிலக்கம், வாங்கிய திகதி மூன்றையும் ஒரு கொப்பியிலும் எழுதி வைப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறையைச் சேர்ந்த சிலர்,
கல்முனை, மட்டக்களப்பு.